கல்லெழுத்தும் கருத்தரங்கமும்

திருகோணமலை நகரை விட்டு வடக்கு நோக்கிக் கடலோரமாய்ச் செல்லும் பெருந்தெருவிலே, உப்புவெளியைக் கடந்து ஏறக்குறையப் பத்து மைல் சென்றால் நிலாவெளி வரும். கிழக்கே வெண்மணற் கரையும், கரைக்கு அப்பால் புறாமலையும். மேற்கே வயலும் பனையும் உப்பளமும். ஊரின் பெயரைக் கேட்டதும் நிலவொளியில் மின்னும் மணற்பரப்பே பலருடைய நினைவில் எழும். வரலாறு பயிலும் மாணவனுக்கோ அப்பெயர் வேறொன்றை நினைவூட்டும். அஃது ஒரு கல். அவ்வூர்ப் பிள்ளையார் கோயிலிலே கண்டெடுக்கப்பட்ட, தமிழெழுத்துப் பொறித்த ஒரு சாசனக் கல்.

எழுத்தமைதியைக் கொண்டு அக்கல்லைப் பத்தாம் அல்லது பதினோராம் நூற்றாண்டிற்கு உரியதென அறிஞர் கணிப்பர். திருக்கோணமலையிலே கோயில்கொண்ட மச்சகேசுவரமுடைய மகாதேவருக்கு நித்திய நிவந்தமாக, அதாவது நாள்தோறும் நடைபெறும் வழிபாட்டுச் செலவிற்காக, 250 வேலி நிலம் விடப்பட்டதை அச்சாசனம் கூறுகின்றது. கோணேசர் கோயிலின் பெருமையைப் பிற்காலப் புராணங்களும் கல்வெட்டு நூல்களும் விரித்துரைப்பது நேயர் அறிந்ததே. ஆனால் புராணம் கூறுவது வேறு, அக்காலத்திலேயே வெட்டிய கல் கூறுவது வேறு. போர்த்துக்கேயர் 1620-களிலே அக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டிக்கொண்டனர். இடிந்த கோயிலின் சொத்துக் கணக்கு, அதற்குப் பத்து மைலுக்கு அப்பால் ஒரு சிற்றூரிலே தப்பிக் கிடந்தது.

சரி, 250 வேலி என்பது எவ்வளவு? தஞ்சை நாட்டு வழக்கில் ஒரு வேலி ஏறக்குறைய ஆறேமுக்கால் ஏக்கர். அக்கணக்கின்படி 250 வேலி 1,700 ஏக்கரை ஒட்டி வரும். பல நூல்களும் இவ்வெண்ணையே தருகின்றன. ஆயினும் இவ்விடத்திலேதான் கூர்மையுள்ள ஒரு மாணவன் கைதூக்க வேண்டும். சோழநாட்டிலேயே நிலமளந்த கோல் ஒன்றல்ல. பதினாறு சாண் கோலும் உண்டு. அதனின் வேறுபட்ட கோல்களும் உண்டு. இராசராசன் காலத்து நில அளவையிலே வேலியின் மிகமிகச் சிறிய பின்னங்கள் வரை கணக்கிட்டு எழுதியிருக்கின்றார்கள். அத்துணை நுட்பமாக அளந்தவர்கள் கடல்கடந்து வந்த இடத்திலே எந்தக் கோலைப் பிடித்தார்கள்? தஞ்சைக் கோலையா, இந்நாட்டு வழக்கையா? நன்செய்யும் புன்செய்யும் அடங்கிய அந்நிலத்திற்கு நீர் எக்குளத்திலிருந்து வந்தது? சாசனத்தில் வரும் ஊர்ப்பெயருள் ‘கிரிகண்ட’ என்பது விளங்குகின்றதே, அது வடக்கே திரியாய்க் குன்றிலுள்ள பழைய பௌத்த சைத்தியத்தின் பெயராகிய ‘கிரிகண்டி’யோடு எவ்வகையில் உறவுடையது?

இவ்வினாக்களுக்கு ஒருவர் தனியே விடை கூறுதல் அரிது. தமிழ்ச் சாசனம் படிக்கத் தெரிந்தவருக்குப் பாளி வரலாற்று நூல்கள் தெரியாதிருக்கலாம். பாளி கற்றவருக்கு நீர்ப்பாசனம் தெரியாதிருக்கலாம். நீர்ப்பாசனம் அறிந்தவருக்குச் சோழர் வரிமுறை தெரியாதிருக்கலாம். இத்தகைய பலரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, நடுவே மூலச்சான்றை வைத்து, ஒருவர் கூறுவதை மற்றவர் மறுத்து ஆராய்தற்கு ஏற்பட்ட முறையே பல்கலைக்கழகங்களில் வரலாற்றுக் கருத்தரங்கம் எனப்படுவது.

மேனாட்டார் இதற்கு வழங்கும் பெயர் இலத்தீன் மொழியிலுள்ள ‘செமினாரியம்’ என்னும் சொல்லின் வழி வந்தது. அச்சொல்லுக்கு நாற்றங்கால் என்பது பொருள். நாம் அதனை ‘அரங்கம்’ ஆக்கிக்கொண்டோம். இம்மொழிபெயர்ப்பிலே ஒரு விபத்து நேர்ந்துவிட்டதோ என ஐயுறவேண்டியுள்ளது. நாற்றங்கால் என்றால் சேறு, நீர், நெருங்கி முளைத்த பயிர், பின்பு பிடுங்கி நடும் வேலை. அரங்கம் என்றாலோ மேடை, மாலை, பொன்னாடை, கைதட்டல். பதினைந்து நிமிடத்தில் ஒருவர் கட்டுரை படித்து இறங்க, வினா எழுமுன் அடுத்தவர் ஏறும் கூட்டங்கள் பல இன்று அப்பெயரால் நடைபெறுகின்றன. அவற்றை விழா எனலாம். நாற்றங்கால் எனல் ஆகாது.

இம்முறை வேரூன்றியது ஜெர்மனியில். 1795-இல் பிறந்து 1825-இல் பெர்லின் பல்கலைக்கழகத்திற்கு வந்த லியோபோல்டு ராங்கே என்னும் பேராசிரியர், மண்டபத்தில் விரிவுரை நிகழ்த்தியதோடு அமையாது, தேர்ந்த மாணவர் சிலரைத் தம் இல்லத்திற்கு அழைத்து ஆய்வுப் பயிற்சி அளித்தார். இடைக்கால மடங்களில் துறவிகள் எழுதிவைத்த ஆண்டுக் குறிப்புகளை அவர்கள் வரிவரியாய் ஒப்பிட்டனர். எவர் நேரிற் கண்டு எழுதினார், எவர் பிறரைப் பார்த்துப் பெயர்த்தெழுதினார், எந்த ஆண்டு பிற்காலத்தில் நுழைக்கப்பட்டது என்பவையே அங்கு எழுந்த வினாக்கள். அம்மாணவரே பின்னர்ப் பல பல்கலைக்கழகங்களில் பேராசிரியராயினர். அமெரிக்காவிலே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இம்முறையை மேற்கொண்டது. பாரிசில் 1868-இல் இதற்கெனவே ஒரு உயர்கல்வி நிலையம் எழுந்தது. லண்டனில் 1921-இல் நிறுவப்பட்ட வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்திலே கருத்தரங்கு அறைகளின் சுவரெங்கும் மூலநூல்கள் அடுக்கப்பட்டன. ஐயம் எழுந்தால் கையை நீட்டி நூலை எடுத்துப் பார்த்துவிடலாம் என்பது கருத்து.

இலங்கையில் உயர்கல்வி இதற்கு மாறான வழியிலே தொடங்கிற்று. 1921-இல் கொழும்பில் அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் புறநிலைத் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. வினாத்தாள் கடல்கடந்து வந்தது. விடைத்தாள் கடல்கடந்து சென்றது. அத்தகைய ஏற்பாட்டிலே மாணவனுக்கு வேண்டியது குறிப்பும் நினைவாற்றலுமே. 1942 ஏப்பிரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அதன் பின்னர் மூன்று மாதம் நிறையுமுன், சூலை 1-ஆம் நாள், இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். 1952-இல் பல்கலைக்கழகம் மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்குப் பெயர்ந்தபின், வரலாற்றுத்துறை தன்னூற் சான்றுகளைத் தானே ஆராயும் துறையாக வளரலாயிற்று. கல்கத்தாவிலிருந்து வந்த பேராசிரியர் எச். சி. ராய், ஜி. சி. மெண்டிஸ் முதலியோர் அங்குப் பணியாற்றினர். 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் பல்கலைக்கழகம் வெளியிட்ட இலங்கை வரலாற்றின் முதற்றொகுதி இவ்வளர்ச்சியின் விளைவே.

பேராதனை மாணவருக்கு அக்காலத்தில் விதிக்கப்பட்ட பாடங்களுள் ஐரோப்பிய வரலாறு பெரும்பங்கு வகித்தது. நம் நாட்டு மாணவனுக்கு அமெரிக்கச் சுதந்திரப் போர் எதற்கு என்று கேட்டவர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. திருகோணமலையைப் பார்த்தால் விடை கிடைக்கும். அப்போரிலே பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. 1780 முடிவில் ஒல்லாந்தரும் பிரித்தானியரோடு போர்நிலை எய்தினர். எனவே ஒல்லாந்தர் கையிலிருந்த திருகோணமலையை 1782 சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் கைப்பற்றினார். அதே ஆண்டு ஆகஸ்டு முடிவில் பிரெஞ்சுத் தலைவர் சுஃபிரேன் அதனைப் பறித்தார். செப்டெம்பர் 3-ஆம் நாள் இரு படைகளும் துறைமுகத்திற்கு வெளியே பொருதன. பின்பு சமாதானம் வந்து, துறைமுகம் ஒல்லாந்தருக்கே மீண்டது. 1795-இல் ஆங்கிலேயர் மறுபடியும் கைப்பற்றினர்; 1802-இல் ஏற்பட்ட ஆமியன்ஸ் உடன்படிக்கையில் வேறு பல நாடுகளைத் திருப்பிக் கொடுத்தும் இலங்கையை விட்டுக்கொடுக்கவில்லை. பாஸ்டன் நகரத்துத் தேயிலைப் பெட்டிகளுக்கும் கோணேசர் மலையடிவாரத்துப் பீரங்கிகளுக்கும் இடையே ஓடும் இந்த இழையைக் காணாதவன் உலக வரலாற்றையும் கற்றானல்லன், ஊர் வரலாற்றையும் கற்றானல்லன்.

ஒல்லாந்தர் கால ஆவணங்களைத் துருவி ஆராய்ந்த தமிழரைக் குறிப்பிடுகையில் சின்னப்பா அரசரத்தினத்தின் பெயர் முன்னிற்கும். 1658 முதல் 1687 வரை இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய அவர் நூல் 1958-இல் வெளிவந்தது. பேராதனையிலே கற்பித்த அவர், பின்பு மலாயாப் பல்கலைக்கழகத்திற்கும், அதன்பின் ஆஸ்திரேலியாவிற்கும் சென்று, சோழமண்டலக் கரையின் வணிகரைப் பற்றிப் பெருநூல்கள் எழுதினார். ஒல்லாந்தரின் பேரேடுகளிலே ஒளிந்திருந்த செட்டிகளையும் மரைக்காயர்களையும் வெளியே கொணர்ந்தது அவர் போன்றோர் உழைப்பே.

சான்றை எல்லார் முன்னும் வைத்தல் என்னும் விதி எவ்வளவு கடுமையானது என்பதைப் பேராதனையில் நிகழ்ந்த ஒரு விவாதம் நன்கு காட்டும். செனரத் பரணவிதான இந்நாட்டுச் சாசனவியலின் பேராசான். 1940 முதல் 1956 வரை தொல்பொருளாய்வுத் திணைக்களத்தின் ஆணையாளராக இருந்தவர். பின்பு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியர். 1966-இல் அவர் ‘இலங்கையும் மலேசியாவும்’ என்னும் பொருள்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கு இடையே மங்கலான எழுத்துகளைத் தாம் கண்டதாகவும், அவற்றிலே முன்னறியாத நெடிய வரலாறுகள் அடங்கியுள்ளன எனவும் அவர் கூறினார். மலாய் நாட்டு அரசமரபுக்கும் இலங்கைக்கும் இருந்த உறவைப் பற்றிய புதிய செய்திகள் அவ்வரிகளிலிருந்து வந்தன. ஆனால் அவர் கண்ட எழுத்துகளைப் பிறர் காண இயலவில்லை.

கூறியவரோ துறைக்கே தந்தை போன்றவர். மறுக்க வேண்டியவர்களோ அவருடைய நூல்களைக் கொண்டே சாசனம் கற்ற இளைஞர். இந்நிலையில் வாய்மூடி இருந்திருந்தால் அதனை மரியாதை என்று உலகம் பாராட்டியிருக்கும். ஆயினும் ஆர். ஏ. எல். எச். குணவர்தன 1967-இல் பல்கலைக்கழக ஆய்விதழிலே அந்நூலின் ஆதாரங்களை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்து, அவை முடிபைத் தாங்கமாட்டா என நிறுவினார். கார்த்திகேசு இந்திரபாலாவும் அந்நூலைத் திறனாய்ந்தார். ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர். இருவரும் லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய இளம் விரிவுரையாளர். அவர்களது மறுப்பிலே பெரியவரைப் பழிக்கும் சொல்லில்லை. கல்லைக் காட்டுங்கள் என்பதே அதன் சாரம். பரணவிதானவின் ஏனைய பணிகள் இதனாற் குறைந்துபடவும் இல்லை. நிலாவெளிக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரையின் வரலாறு வெளிப்பட்டதும் அவர் ஆணையாளராயிருந்த காலத்து அகழ்வினாலேதான்.

அவ்விகாரையைப் பற்றிச் சிறிது நின்று கூறுதல் தகும். பெரியகுளத்தின் அருகே காட்டிடையே அமைந்தது அது. தமிழ் மக்கள் அதனை நாதனார் கோயில் என்பர். சோழராட்சியில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் பதினோராம் நூற்றாண்டில் தமிழ் பேசும் பௌத்தர் நந்தா விளக்கும் பசுவும் தானம் செய்ததைக் கூறுகின்றன. அநுராதபுரத்தைச் சோழர் அழித்தனர் என வரலாற்று நூல்கள் கூற, சோழப் பேரரசனின் பெயரையே தாங்கிய ஒரு பௌத்தப் பள்ளி திருகோணமலைக் காட்டிலே விளங்கியது எங்ஙனம்? கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்திலும் இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயருடைய விகாரை ஒன்று இருந்தது. கடாரத்து அரசர் எடுப்பித்த அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் விடப்பட்ட செய்தியைக் கூறும் செப்பேடுகள், ஒல்லாந்து தேசத்து லைடன் நகருக்குச் சென்றமையால் லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுவிட்டன. அதே கடாரத்தின்மீது இராசேந்திரன் 1025-ஐ ஒட்டிப் படை செலுத்தினான். நட்பும் போரும் வணிகமும் சமயமும் இப்படிப் பின்னிக் கிடக்கையில், ‘சோழர் சைவர், இந்நாட்டார் பௌத்தர்’ என்று கோடு கிழித்துப் பிரிப்பது பரீட்சைக்கு உதவலாம், ஆராய்ச்சிக்கு உதவாது. 2007-இல் சிங்கப்பூரிலே பல நாட்டு அறிஞர் கூடி இச்சோழர் கடற்படையெடுப்புகளை ஆராய்ந்தனர். நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணதீபம் வரை என்னும் பொருளமைந்த பெயரோடு அவ்வாய்வுகள் 2009-இல் நூலாயின.

மச்சகேசுவரம் என்னும் பெயரும் இவ்வகையில் ஒரு நல்ல பாடம். மச்சம் என்றால் மீன். மீன் பாண்டியர் கொடி. திருகோணமலைக் கோட்டை வாயிலிலே இணைக்கயல் பொறித்த கல்லும் உண்டு. ஆகவே கோயில் பாண்டியர் கட்டியது என்று ஒரு மாணவன் உற்சாகத்தோடு முடிவு கூறிவிடலாம். இணைக்கயற் பொறியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் வருகையோடு அறிஞர் தொடர்புபடுத்துவர். நிலாவெளிக் கல்லோ அதற்கு இருநூறு ஆண்டேனும் முந்தியது. மகன் பெயரை வைத்துப் பாட்டனுக்குப் பெயரிடுவது போன்றது அம்முடிவு. இத்தகைய பிழையை நண்பர் நால்வர் முன்னிலையில் செய்து திருந்துதல், நூலில் அச்சிட்டபின் திருந்துவதினும் நன்று.

இனி, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்கலைக்கழகக் கலைப்பிரிவிலே சுயமொழிக் கல்வி வந்தது. தமிழ் மாணவன் பிரெஞ்சுப் புரட்சியையும் கைத்தொழிற் புரட்சியையும் தாய்மொழியிற் கற்கலானான். அரச கரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டது. ஆங்கிலம் கற்க வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதனால் வாயில் திறந்தது. அதனை மறுப்பார் யார்? ஆனால் அதே வாயில் வேறொரு கதவை அடைத்தது. தமிழ் மாணவர் ஓர் அறையிலும் சிங்கள மாணவர் மற்றோர் அறையிலுமாக வரலாறு கற்கலாயினர். பெரியகுளத்துத் தமிழ்ச் சாசனமும் திரியாயிலுள்ள சமக்கிருதச் சாசனமும் சிங்களச் சாசனங்களும் ஒரே கரையில், ஒருநாள் வழித்தூரத்துக்குள் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கவேண்டியவர்களோ ஒருவர் முன் ஒருவர் அமர்ந்து ‘இவ்வெழுத்து இப்படியன்று’ என மறுக்கும் வாய்ப்பைப் பெரிதும் இழந்தனர். இதன் கேட்டை அக்காலத்தவர் முழுதும் உணர்ந்தாரெனத் தோன்றவில்லை.

தமிழாராய்ச்சி உலகம் இதே காலத்திற்றான் கடல்கடந்து விரிந்தது. பேராதனையில் விரிவுரையாளராயிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற தனிநாயக அடிகள், 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணராயினார். 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதற்கூட்டத்தின் பெயரே ‘மாநாட்டுக் கருத்தரங்கு’ என அமைந்தது. இரண்டாம் மாநாடு 1968-இல் சென்னையிலும், மூன்றாவது 1970-இல் பாரிசிலும், நான்காவது 1974 சனவரியில் யாழ்ப்பாணத்திலும் கூடின. யாழ்ப்பாணத்து மாநாட்டின் முடிவிலே நிகழ்ந்த பொதுக்கூட்டத்தில் மக்கள் உயிரிழந்த துயரம் அறிஞர் படித்த கட்டுரைகளையெல்லாம் மறக்கச் செய்துவிட்டது. அவ்வாண்டே யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட, இந்திரபாலா அங்கு வரலாற்றுப் பேராசிரியரானார். பேராதனையிலிருந்து அவ்வாண்டே சே. குணசிங்கம், கந்தளாயிலும் மானாங்கேணியிலும் கிடைத்த சோழ இலங்கேசுவரதேவரின் சாசனங்களை வெளியிட்டார். மானாங்கேணிக் கல்லிலும் மச்சகேசுவரத்தின் பெயர் வருதலால், நிலாவெளிச் சாசனம் தனிச்சாட்சியாக நில்லாது துணைச்சாட்சி பெற்றது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது; ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. பின்னர் வந்த போர்க்காலத்திலே ஆசிரியர் பலர் நாட்டை விட்டகன்றனர். திருகோணமலைக் கரையின் சாசன இடங்கள் பலவற்றிற்கு ஆராய்வோர் செல்லுதலும் அரிதாயிற்று. ஆயினும் சி. பத்மநாதன் தொடர்ந்து உழைத்து, இலங்கைத் தமிழ்ச் சாசனங்களை 2006 முதல் தொகுத்து வெளியிட்டமையால், கற்களின் வாசகம் ஏட்டிலேனும் நிலைத்தது.

இந்திரபாலாவைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். 1965-இல் லண்டனில் அவர் அளித்த ஆய்வேடு, இலங்கையில் திராவிடர் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தோற்றத்தையும் பற்றியது. பழங்காலக் குடியேற்றத்திற்குரிய சான்று குறைவு என்னும் அதன் முடிபு தமிழர் பலருக்கு உவப்பளிக்கவில்லை. கசப்பான சொற்களும் எழுந்தன. அதன் பின்னர்த் தொல்லியல் வளர்ந்தது; பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் வெளிப்பட்டன; மக்கள் பெயர்ந்து வந்து குடியேறினாலன்றி மொழி பரவாதோ என்னும் வினா உலகெங்கும் எழுந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 2005-இல், இலங்கைத் தமிழரின் இனத்துவ உருவாக்கம் பற்றி அவர் எழுதிய நூலில் தம் பழைய கருத்துகளுட் பலவற்றைத் தாமே கைவிட்டார். தமிழரும் சிங்களரும் ஒரே தொல்குடி மக்களின் வழிவந்தோர் என்பதை அந்நூல் வற்புறுத்துகின்றது. முன்னர் அவரை வைதோர் இம்மாற்றத்தைத் தம் வெற்றியெனக் கொண்டாடியிருக்கலாம். அவரோ எவர் பக்கமும் சாய்ந்து மாறினாரல்லர். புதிய சான்று வந்தது. பழைய முடிபு பெயர்ந்தது. பரணவிதானவிடம் 1967-இல் அவர் எதனைக் கேட்டாரோ, அதனையே 2005-இல் தம்மிடமும் கேட்டுக்கொண்டார்.

நிலாவெளியிலே கோணேசபுரி என்னுமிடத்தில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. 250 வேலி நிலத்தைக் கூறும் கல் கிடைத்த ஊரிலேயே பல்கலைக்கழகம் வந்து சேர்ந்திருக்கின்றது. அவ்வாயிலிலிருந்து காலையிற் புறப்படுவோர், பெரியகுளத்து இராசராசப் பெரும்பள்ளியைப் பார்த்துவிட்டு, குச்சவெளிப் பாறையிலுள்ள சமக்கிருத எழுத்தையும் கண்டு, திரியாய்க் குன்றேறி இருட்டுமுன் திரும்பிவிடலாம். திரியாய்ப் பாறையிலே பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், கடலோடி வணிகரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதனைப் படிப்பதற்குத் தமிழறிந்த ஒருவரும் சிங்களமறிந்த ஒருவரும், சமக்கிருதம் கற்ற மூன்றாமவர் ஒருவரும் ஒரே வண்டியிற் செல்லவேண்டும்.